பீங்கானின் அடிப்பக்கம்

என் வயதுக்காரர் நாலு பேர் ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ ஒரே மேசையில் அமர்ந்துவிட்டால், பேச்சு எப்படியும் அந்த முதல் வருடங்களுக்குப் போய்விடும். யார் எந்தப் பாதையால் வந்தது, எந்த அகதி விடுதியில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு குசினி, முதல் பனியைக் கண்டு யார் அள்ளி வாயில் போட்டது என்று ஆளுக்கொன்று சொல்லிச் சிரிப்போம். நானும் சிரிப்பேன். என் முறை வரும்போது மட்டும் தேத்தண்ணி எடுக்க எழும்பிப் போய்விடுவேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு பீங்கான் தட்டைப் பற்றிய கதை. அதைச் சொல்ல வெளிக்கிட்டால் எனக்குக் கோபம் வரும். அப்பா போய்ச் சேர்ந்து வருடக்கணக்காகியும் அந்தக் கோபம் போகவில்லை. இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடுகிற வயதில் இது தேவையா என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஜெர்மனியில், வுப்பர்டாலில் எங்களை வைத்திருந்த வீடு ஓர் ஏற்றத் தெருவில் இருந்தது. யன்னலைத் திறந்தால் கீழே ஆற்றுக்கு மேலாகத் தொங்கிக்கொண்டு ஓடும் ரயில் வளைவில் கிரீச்சிடுவது கேட்கும். கீழ்த் தட்டுகளை எல்லாம் நகரசபை எங்கள் ஆட்களுக்காக வாடகைக்கு எடுத்திருந்தது. அறைக்கு ஒரு குடும்பம். எங்கள் அறையில் அப்பா, அம்மா, தம்பி, நான். எங்களுக்கு மேலே, கூரைக்கு நேர் கீழே, ஒரு வயதான ரஷ்யப் பெண் தனியாக இருந்தார். வீட்டுக்காரன் எத்தனையோ தரம் வீட்டை விட்டு எழும்பச் சொல்லியும் எழும்பாத பழைய வாடகைக்காரி. நாங்கள் அவரை மேல்மாடி மனுசி என்போம்.

நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. எல்லாருக்கும் ஓர் உறவுமுறையோ பட்டமோ இருக்கும், பெயர் இருக்காது. கத்திகள் செய்கிற பக்கத்து ஊருக்குக் களவாக வேலைக்குப் போய் வந்தவர் சோலிங்கன் மாமா. எங்களைவிட ஆறு மாதம் முந்தி வந்ததால் இந்த நாட்டுச் சட்டம் முழுவதும் தெரிந்தவராகிவிட்ட ஒருவர் சட்டத்தண்ணை. உங்கள் விடுதியிலும் அப்படி ஓர் அண்ணை இருந்திருப்பார்.

நான் அந்த வீட்டின் வாய். பத்து வயது. பள்ளிக்கூடம் போய் ஒரு வருடமானதால் என் ஜெர்மன்தான் வீட்டிலே பெரிய ஜெர்மன். தபாலில் வருவதை வாசிப்பது, அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் நிற்பது, டெர்மின் என்று அலுவலகம் நாள் குறித்தால் அப்பாவோடு போவது எல்லாம் நான்தான். என் வாயைப் பெரியவர்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள். அந்த வாய்க்கு மேலே ஒரு மண்டையும் இருக்கிறது, அதற்குள் ஏதாவது இருக்கலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

அது வசந்தம் தொடங்கிய நேரம். அம்மா துருக்கிக் கடைப் பருப்பில் வடை சுட்டுக்கொண்டிருந்தா. கதவில் தடியால் தட்டும் சத்தம். திறந்தால் மேல்மாடி மனுசி, கையில் புகைகிற சிகரெட்டோடு. ஆம்பிளைகளைப் போல ஒட்ட வெட்டிய வெள்ளை முடி.

“உங்கள் வெங்காயம் என் திரைச்சீலைக்கு ஏறிவிட்டது. வந்து இறக்கிக்கொண்டு போங்கள்” என்றார்.

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

“பாவம், தனிச்ச மனுசி. வாசத்துக்குத்தான் வந்திருக்கிறா” என்றா அம்மா. “நாலு வடை குடுத்துவிடு, பிள்ளை.”

“அம்மா, அவ ஏசுறா.”

“பசியில ஏசுறா. குடன்.”

தெருவில் பழைய சாமான் வைக்கும் நாளில் பொறுக்கி வந்த ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் வடையை வைத்துக் கொடுத்தேன். மனுசி கோப்பையைப் பார்த்தார், வடையைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு ஏறிப் போனார். மறுநாள் அந்தக் கோப்பை திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரிய வெள்ளைப் பீங்கானில் பாற்கட்டி போட்ட கேக் வந்தது. “அந்தப் பண்டத்தைப் பிளாஸ்டிக்கில் வைப்பது அவமானம். இனி இதில் வையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேக் முடிந்தபிறகுதான் பீங்கானைப் பார்த்தோம். விளிம்பைச் சுற்றிச் சிவப்பு எழுத்துகள் ஓடின. எழுத்துகளுக்கு இடையிடையே சின்னச் சின்ன நீலப் பூக்கள். நடுவில் ஏதோ ஒன்று, மஞ்சளும் மண்ணிறமுமாக, ஆவி பறந்தபடி. அம்மா அதை வெட்டிய பலாப்பழம் என்றா. தம்பி ஆமை என்றான். அது பாண், வெதுப்பிய ரொட்டி. ஒரு முழுப் பாணை நடுவில் வெட்டி வைத்திருந்தது. அதன் ஆவி சுருண்டு சுருண்டு மேலே போய் விளிம்பின் முதல் எழுத்தோடு சேர்ந்துகொள்ளும். நான் விரலால் அந்த ஆவியைத் தொடர்ந்துகொண்டே போவேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கோடு எங்கே வளைகிறது என்று சொல்வேன்.

ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நம் வீடுகளில் இல்லை. அம்மா பீங்கானைக் கழுவி ரவைக் கேசரி வைத்து அனுப்பினா. ரஷ்யர்களுக்கும் அதே பழக்கமாம். அது அப்பிள் போட்ட ஏதோ ஒன்றோடு திரும்பி வந்தது. அம்மா முறுக்குப் பிழிந்தா. அங்கேயிருந்து முட்டைக்கோவா அடைத்த பணியாரம் வந்தது. இப்படி அந்தப் பீங்கான் படியேறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நிறுத்துவதற்கு இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை. சமூக அலுவலகம் தந்த சாமான் பொதியில் மா முடிந்துவிட்ட நாட்களில் அம்மாவுக்கு அழுகை வரும்.

“இந்த மனுசி ஒருநாளைக்கு வெறும் பீங்கானைத் தந்தாத்தான் என்ன?” என்பா.

“அப்ப நீர் முதல்ல வெறுமையாக் குடும்” என்பார் அப்பா.

“எனக்கென்ன விசரோ?” என்று அம்மா அடுத்த பலகாரத்துக்கு மாவைத் தேடுவா.

பீங்கானைச் சுமந்தது நான். அதனால் மேல் அறைக்குள் போனதும் நான் மட்டும்தான். சிகரெட்டும் அவித்த கோவாவும் மணக்கும் அறை. மனுசி என்னைக் கொஞ்சியதில்லை, எதுவும் கற்றுத் தந்ததுமில்லை. பிள்ளைகள் என்றால் அவருக்குப் பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் அவருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. அவருடைய ஜெர்மன் உருட்டி உருட்டி வரும். என்னுடையது தட்டுத்தடுமாறி வரும். இரண்டும் எப்படியோ ஒத்துப்போயின.

ஒருநாள் அவர் பீங்கானிலிருந்த தோசையை வேறு கோப்பைக்கு மாற்றிவிட்டு அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு பச்சைப் பொட்டு, பூசி மறைத்தது போல. பக்கத்தில் நீல நிறத்தில் சுத்தியலும் அரிவாளும். அதற்குக் கீழே ஓர் ஆண்டு. ஆண்டுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து. ஆறு காலை விரித்துக்கொண்டு நிற்கும் பூச்சி போன்ற எழுத்து.

“இது நான்” என்று அந்தப் பூச்சியில் விரலை வைத்தார்.

அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் சொன்னதை எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். அவர் இருபது வயதில் அரசனின் பீங்கான் தொழிற்சாலையில் சித்திரம் தீட்டச் சேர்ந்தார். அடுத்துப் புரட்சி வந்தது. அரசன் போய்விட்டான். அரண்மனைக்கென்று செய்து, சித்திரம் தீட்டாமல் அடுக்கி வைத்திருந்த வெள்ளைப் பீங்கான்கள் மட்டும் மிச்சமாகக் கிடந்தன. புதிதாகச் செய்யக் களிமண்ணும் இல்லை, விறகும் இல்லை. அதனால் அந்த அரச பீங்கான்களிலேயே புரட்சியின் வாசகங்களை எழுதச் சொன்னார்கள். அடியில் அரசனின் கிரீட முத்திரை இருந்தது. அது மினுக்கப் பூச்சுக்குக் கீழே போட்ட முத்திரை, எதைப் போட்டுச் சுரண்டினாலும் போகாது. ஆகவே அதன்மேல் பச்சை வர்ணம் பூசி மறைத்து, பக்கத்தில் சுத்தியலையும் அரிவாளையும் தீட்டிச் சூளையில் சுட்டார்கள். குளிரில் தூரிகை விறைக்குமாம். கையுறை போட்டுக்கொண்டு பூ வரைந்தார்களாம். ஒரு நாளைக்கு ஒரு துண்டுக் கறுத்தப் பாண். சில நாள் அதுவும் இல்லை.

“பசித்தது. பாண் வரைந்தேன்” என்றார். “என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாக வரைந்தேன்.”

தொழிற்சாலையில் முறை வேறு. தலைமைச் சித்திரக்காரர் ஒரு மாதிரி வரைவார், மற்றவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துத் தீட்டுவார்கள். தலைமைக்கு இந்தப் பாண் பிடித்துவிட்டது. அடுத்த வருடம் அதையே தன் மாதிரி என்று கொடுத்து எல்லாரையும் தீட்டச் சொன்னார். அந்தப் பீங்கான்கள் கண்காட்சிகளுக்குப் போயின. புத்தகங்களில் அவர் பெயரோடு வந்தன. முதல் பீங்கான் மட்டும் இவரிடம் இருந்தது. நாட்டை விட்டுப் புறப்பட்டபோது உள்பாவாடையில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தார். பெர்லினில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் தன் பாணை இன்னொருவர் பெயரோடு பார்த்தார். அதன்பிறகு வயிற்றுப்பாட்டுக்காக ஜெர்மன் பீங்கான்களில் ரோசாப்பூத் தீட்டியே காலம் போயிற்று. ரோசாப்பூ என்றாலே துப்புவார்.

“அவனுடைய பீங்கானில் அடுத்த வருடம் இருக்கிறது. என்னுடையதில் அதற்கு முந்திய வருடம். பக்கத்தில் நான் இருக்கிறேன். இதைவிட வேறு என்ன வேண்டும்?”

விளிம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வேலை செய்கிற எல்லாருக்கும் பாண் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். கீழே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்ய விடாமல் வைத்திருந்த காலம் அது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த மனுசன், பகல் முழுக்க யன்னலடியில் நின்று ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எங்களுக்கு இல்லை எண்டு பீங்கானிலயே எழுதி வைச்சிருக்கினம்” என்றார்.

கோடை தொடங்க ஓர் அருங்காட்சியகத்துப் பெண் மேல்மாடிக்கு வந்தார். கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட, மெல்லப் பேசும் பெண். அந்தக் காலத்துப் பீங்கான்களை எல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். மனுசியின் கதையைக் கேட்டுவிட்டு, பீங்கானைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் சில புத்தகங்களோடு ஒப்பிட்டபின் படம் எடுக்க வருவதாகச் சொன்னார். சரியாக இருந்தால் பீங்கானின் பக்கத்தில் மனுசியின் சொந்தப் பெயரை எழுதி வைப்பார்களாம். அன்றைக்கு மேல்மாடி மனுசி என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. நான் ஓடிவந்து வீட்டில் சொன்னேன். “ஓ” என்றா அம்மா. அப்பா யன்னலை விட்டுத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் மனுசி படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அம்புலன்ஸ் வந்து கொண்டு போனது. கதவைப் பூட்டிவிட்டார்கள். பீங்கான் அந்த வாரம் எங்கள் முறையில் இருந்தது.

அதே கிழமை அப்பாவுக்கு விசாரணைக்கு டெர்மின் வந்தது. நாங்கள் இங்கே இருப்பதா இல்லையா என்பதே அந்த ஒரு நாளில் இருக்கிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். போதாததற்குச் சமூக அலுவலகத்திலிருந்து அறைகளைப் பார்க்க ஆள் வருவதாக அறிவித்திருந்தார்கள். சட்டத்தண்ணை அப்பாவுக்குப் பாடம் நடத்த வந்தார். அம்மா கழுவிய பீங்கானை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தா. சட்டத்தண்ணை கதிரையில் இருக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணை, என்ன இது?”

“மேல்மாடி மனுசியின்ர பீங்கான், தம்பி.”

“அது தெரியுது. அரிவாளும் சுத்தியலும் கிடக்கே. நீங்கள் எதால வந்தனீங்கள்? மொஸ்கோவால. கிழக்கு பெர்லினால. ரஷ்யாக்காரன்ர பிளேனில. இப்ப வீட்டுக்குள்ள இதையும் வைச்சிருக்கிறியள். பாக்க வாறவன் என்ன எழுதுவான்?”

அப்பாவின் முகம் வெளிறிப் போனது இப்போதும் எனக்குத் தெரிகிறது. அவர் பயந்தவர் என்று நான் சொல்லவில்லை. ஊரில் சங்கக்கடையை ஆமி எரித்த அன்றைக்கு அவர்தான் கடைசியாக வெளியே வந்தவர். இங்கே அலுவலகம் என்றால் மட்டும் என்னை முன்னால் விட்டுப் பின்னால் நிற்பார்.

திருப்பிக் கொடுக்கலாம் என்றால் மேலே கதவு பூட்டு. எறிவதற்கு அப்பாவுக்கு மனம் வரவில்லை, ஊராருடைய சாமான். அலுமாரியில் ஒளிக்கலாம் என்றால் அறைக்குள் அலுமாரியே இல்லை.

“அடியில ஒரு பிளாஸ்டர் ஒட்டி விடுவமே, இஞ்சேருங்கோ” என்றா அம்மா.

“ஒட்டினாத்தான் அக்கா சந்தேகம் வரும். உரிச்சுப் பாப்பாங்கள்” என்றார் சட்டத்தண்ணை. “அழிச்சு விடுங்கோ. அடிப்பக்கம்தானே, பூ ஒண்டுக்கும் ஒண்டும் நடக்காது.”

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. சோலிங்கன் மாமாவிடம் கத்தி தீட்டும் கல் ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து, பீங்கானை மடியில் துவாய் விரித்து வைத்துக்கொண்டார். நான் முன்னால் போய் நின்றேன்.

“அப்பா, அழிக்காதேங்கோ. அந்த எழுத்து அவவின்ர. அவதான் படத்தைக் கீறினவ எண்டதுக்கு அது மட்டும்தான் கிடக்கு. மியூசியத்தில இருந்து வருவினம்.”

“பின்னால கிடக்கிற எழுத்தை ஆர் பாக்கப்போகினம்? முன்னாலதானே வடிவு.”

“பின்னாலதான் பாப்பினம் அப்பா. அவ சொன்னவ.”

“நீ சின்னப்பிள்ளை, பேசாமல் இரு. எங்களைத் திருப்பி அனுப்பினா மியூசியமோ வந்து மறிக்கும்?”

பேசாமல் இருந்தேன். பத்து வயதில் வேறு என்ன செய்வது? கல்லைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தார். அந்தச் சத்தம் பல்லில் கூசும். சங்கக்கடைத் தராசை மினுக்குவது போல அவ்வளவு கவனமாக, சித்திரத்தில் ஒரு கீறல் விழாமல், விளிம்பு உடையாமல், பொறுமையாகத் தேய்த்தார். முதலில் அரிவாள் போனது. சுத்தியல் போனது. ஆண்டு போனது. ஆறு கால் எழுத்து ஒவ்வொரு காலாகப் போனது. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பச்சைப் பொட்டையும் தேய்த்தார். அதன் கீழிருந்து ஒரு கிரீடம் வந்தது.

எவ்வளவு தேய்த்தும் கிரீடம் போகவில்லை. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“இஞ்சை பாரும், ராசாவின்ர முத்திரை! இவ்வளவு நாளும் ஆரோ மறைச்சு வைச்சிருந்திருக்கிறாங்கள். இப்பதான் பீங்கானுக்கு ஒரு மரியாதை.”

சட்டத்தண்ணை கைகொட்டினார். நான் போய்ப் படியில் இருந்து அழுதேன்.

சமூக அலுவலகத்து ஆள் வந்தார். கட்டில்களைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், யன்னல் பூட்டுகிறதா என்று பார்த்தார். மேசையில் இருந்த பீங்கானில் அம்மா வைத்திருந்த முறுக்கில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். கவிழ்த்துப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்?

விசாரணைக்கும் அப்பா போய் வந்தார். மொஸ்கோவைப் பற்றி ஒரு கேள்வி. விமானம் அங்கே நின்றதா என்று. நின்றது என்றாராம். அவ்வளவுதான். முடிவு வர வருடங்கள் பிடித்தன. அந்த முடிவுக்கும் எந்தப் பீங்கானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கோடை முடியும் தறுவாயில் மேல்மாடி மனுசி தடியோடு திரும்பி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சுகம் கேட்கும் முறைக்கு அம்மா விடியவே எழும்பி வடை சுட்டு, பீங்கான் நிறைய அடுக்கி, என் கையில் தந்தா. நான் மாட்டேன் என்றேன். “சுகமில்லாத மனுசிக்கு வடை குடுக்கவும் உனக்குக் கை நோகுதோ?” என்று ஏச்சு விழுந்தது. கொண்டுபோனேன். மேலே அருங்காட்சியகத்துப் பெண் ஏற்கெனவே வந்து படக்கருவியை மேசையில் வைத்திருந்தார்.

“அதோ வருகிறது!” என்றார் மனுசி. “நான் சொன்னேன் அல்லவா, நான் இதைக் கண்ணாடிக்குள் பூட்டி வைப்பதில்லை. பாண் வரைந்த பீங்கானில் சாப்பாடு இருக்க வேண்டும். முதலில் சாப்பிடுங்கள், பிறகு படம்.”

அந்தப் பெண் ஒரு வடையைக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கினாலும் முழுவதும் தின்றார். நான் வாசலோடு நின்றேன். வடைகளை ஒரு காகிதத்தில் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பெண் எண்ணெயைத் துடைத்து, பீங்கானை இரண்டு கையாலும் கவிழ்த்தார்.

அந்தப் பெண் என்னையும் பார்த்தார், மனுசியையும் பார்த்தார். மனுசி பீங்கானை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். மினுக்கமாக இருந்த இடம் சொரசொரத்தது.

“யார்?” என்றார்.

“அப்பா.”

“ஏன்?”

“ஆங்ஸ்ட்” என்றேன். பயம். அந்த ஜெர்மன் சொல் எனக்கு எழுத்துக்கூட்டாமலே வரும்.

அருங்காட்சியகத்துப் பெண் மெல்லிய குரலில் ஏதேதோ சொன்னார். தான் முன்பு கண்ணால் பார்த்தது உண்மைதான், ஆனால் தன் மேலிடத்துக்குக் காட்ட ஒன்றும் இல்லை என்றார். இந்த நிலையில் பீங்கானை வைத்தாலும் தலைமைச் சித்திரக்காரரின் மாதிரி, தீட்டியவர் தெரியாது என்றுதான் எழுத முடியும் என்றார். மனுசி அதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். படக்கருவி பைக்குள் போனது. அந்தப் பெண் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் கேட்டு முடிந்தது.

மனுசி கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது. சிகரெட் ஒன்றைப் பற்ற வைத்தார்.

“புரட்சிக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து கிரீடம் கூடாது என்றார்கள். பச்சை பூசி மறைத்தேன். இந்த நாட்டில் இன்னொரு கூட்டம் வந்தது. அரிவாளைக் கண்டால் கொன்றிருப்பார்கள். அதன்மேல் காகிதம் ஒட்டி மறைத்தேன். அவர்கள் தொலைந்த பிறகு வெந்நீரில் உரித்தேன். எனக்கும் பயம் தெரியும். உன் அப்பாவிடம் போய்ச் சொல். மறைக்கலாம். அழிக்கக் கூடாது.”

கீழே வந்து சொன்னேன். ஒரு சொல் விடாமல்.

“அவ கதைப்பா. அவவிட்ட இந்த நாட்டுப் பாஸ்போட் கிடக்கு” என்றார் அப்பா. சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை.

“நான் பிளாஸ்டர் ஒட்டுவம் எண்டு சொன்னனான்” என்றா அம்மா, ஒருவருக்கும் இல்லாமல்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகக் கதவைத் திறந்தேன். வாசலில் பீங்கான் இருந்தது. கழுவித் துடைத்து, பாண் படம் மேலே தெரிய, வெறுமையாக.

அம்மா வந்து பார்த்தா. குனிந்து எடுத்தா. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அவ்வளவு நாளும் வெறுமையாய்த் தந்தால் என்ன என்று கேட்ட அம்மா அன்றைக்கு அழுத அழுகையை நான் செத்த வீட்டில்தான் கண்டிருக்கிறேன். முகத்தைக் கழுவிவிட்டு, இருந்த மாவில் ஏதோ சுட்டு, பீங்கானில் வைத்துக்கொண்டு முதல்முறையாகத் தானே படியேறினா. நானும் பின்னால் போனேன். தட்டினா. உள்ளே வானொலி பாடியது. சிகரெட் மணந்தது. கதவு திறக்கவில்லை. அம்மா தயவுசெய்து என்பதற்கு இருந்த, தனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்லை, பிற்ற, பிற்ற என்று சொல்லிச் சொல்லித் தட்டினா. சூடு ஆறுமட்டும் நின்றுவிட்டு இறங்கி வந்தோம்.

இலை உதிரத் தொடங்கிய நேரம் எங்களை வேறு ஊருக்கு மாற்றினார்கள். வாகனத்தில் ஏறும்போது மேலே பார்த்தேன். திரைச்சீலை மூடியிருந்தது. பீங்கான் எங்களோடு வந்தது.

பிறகு நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் இரத்த அழுத்தம் ஏறும். எங்களுக்கு விசா கிடைத்தது, பாஸும் கிடைத்தது. அப்பா சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை போட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பீங்கானை எடுத்துக் கவிழ்த்துக் காட்டுவார். “ரஷ்யா ராசாவின்ர பீங்கான். கல்லால தேய்ச்சு நான்தான் கண்டுபிடிச்சனான்” என்பார். நான் எழும்பிப் போய்விடுவேன். கடைசிவரை அவருக்கு அது பிழை என்று தெரிந்ததா, தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் பேசாமல் இரு என்றுதான் சொல்லியிருப்பார்.

சில வருடங்களுக்கு முன் இன்னொரு நகரத்தில் அந்தக் காலத்துப் பீங்கான்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். போனேன். என் பாண் அங்கே இருந்தது. அதே ஆவி, அதே வளைவு. அடிப்பக்கம் தெரியக் கீழே கண்ணாடி வைத்திருந்தார்கள். அடுத்த வருடத்து ஆண்டு. தலைமைச் சித்திரக்காரரின் பெயர், கொட்டை எழுத்தில். நான் அங்கேயே நின்றேன். காவல்காரர் வந்து உங்களுக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டார். ஓம், செய்கிறது என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். ஓர் இளைஞன் மரியாதையாகப் பதில் போட்டான். உங்கள் நினைவு எங்களுக்குப் பெறுமதியானது, அந்தப் பெண்மணியின் பெயரை அறியத் தந்தால் பழைய தொழிலாளர் பதிவுகளில் தேடலாம் என்றிருந்தான். பெயர்! ஒரு வசந்தமும் ஒரு கோடையும் அவர் சமைத்ததைத் தின்றிருக்கிறோம். அவரை எங்களில் ஒருவரும் பெயர் கேட்கவில்லை. மேல்மாடி மனுசி என்றால் எங்களுக்குப் போதுமாக இருந்தது. நகரசபைக்குப் போனேன். அந்த விலாசத்தில் அந்தக் காலத்தில் இருந்தவரைத் தேட வேண்டும் என்றேன். தேடலாம், பெயரைச் சொல்லுங்கள் என்றாள் அங்கிருந்த பெண். பெயரைக் கண்டுபிடிக்கப் பெயர் வேண்டுமாம். அந்த வீடும் இப்போது இல்லை. கார் நிறுத்துகிறார்கள்.

அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். அந்த ஏற்றத் தெரு வீட்டில் என்னோடு வளர்ந்த பிள்ளைகளும் இப்போது உங்களுக்குள் எங்கோ இருப்பீர்கள். நீங்களும் உங்கள் வீட்டின் வாய்தானே. கீழ்வாசலில் மணிப்பொத்தான்கள் வரிசையாக இருந்தன, ஞாபகமிருக்கிறதா? நாங்கள் விளையாட்டுக்கு எல்லாவற்றையும் அமத்திவிட்டு ஓடுவோம். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பொத்தானுக்குப் பக்கத்தில், மங்கிய மையில், ஒரு பெயர் எழுதியிருந்தது. நீங்களாவது வாசித்திருப்பீர்கள். பீங்கான் இப்போது என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அம்மா போனபிறகும் அதை நான் வெறுமையாக வைப்பதில்லை. இன்றைக்கு அதில் இரண்டு அப்பிள் இருக்கிறது. அந்த ஆறு கால் எழுத்தை நான் இப்போதும் பிழையில்லாமல் கீறுவேன். அந்தப் பெயரில் அதற்குப் பின்னால் என்ன வரும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கோ.